ஆம்ப்ரோஸ் ஊற்றிய தண்ணீர்

அத்தியாயம் பதினாறு

ஒரு கல்யாணத்தில் எதற்கெல்லாம் சண்டை வரும்? நீங்கள் என்னவெல்லாம் நினைக்கிறீர்களோ, அத்தனைக்கும் இந்த வீட்டில் வந்தாயிற்று.

போன வாரம் விட்டவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்டின் டவுன் நோரா டீச்சரின் ஒரே மகள் அன்னா. அவள் கட்டிக்கொள்ளப்போகும் சுஹாஸ், மல்லேஸ்வரம் பாமா மாமியின் ஒரே மகன். இந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை பூசை தவறாது. அந்த வீட்டில் வெள்ளிக்கிழமை விளக்கு தவறாது. பிள்ளைகள் ஒரே ஆபீஸில் காபி குடித்துக் குடித்தே காதலித்தார்கள். பெரியவர்கள் சம்மதிக்க ஒரு வருடம் பிடித்தது. சம்மதித்த பிறகுதான் சண்டையே ஆரம்பித்தது.

முதலில் தேதிக்கு. ஆடியும் மார்கழியும் அவர்களுக்கு ஆகாது. தவக்காலமும் திருவருகைக் காலமும் இவர்களுக்கு ஆகாது. கடைசியில் பொங்கலுக்கும், தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனுக்கும் நடுவே ஒரு சந்து கிடைத்தது. அடுத்து, காலையில் முகூர்த்தமா, சர்ச்சா என்று. அது இன்னும் தீரவில்லை. அதற்கடுத்து, வந்தவர்களுக்கு என்ன கொடுத்தனுப்புவது என்று. தேங்காய், வெற்றிலை, குங்குமம் போட்ட பை என்றாள் பாமா. மாதா படம் போட்ட சின்ன மெழுகுவத்தி என்றாள் நோரா.

அந்தச் சண்டையை முடித்துவைத்தது ஒரு செடி.

"ரெண்டு பேருக்கும் பொதுவா ஒண்ணு கொடுப்போம் மாமி. வீட்டுக்கு ஒரு பூந்தொட்டி. அதுல எந்த சாமியும் இல்ல" என்றாள் நோரா.

பாமா கொஞ்சம் யோசித்தாள். "சரி. ஆனா குடுக்கறச்சே உயிரோட இருக்கணும்."

நர்சரியில் கேட்டால் ஃபியூஷியா என்பார்கள். நோரா வீட்டில் அது ஜிமிக்கிச் செடி. சிவப்புப் பாவாடைக்குள்ளிருந்து ஊதாப் பாவாடை எட்டிப்பார்க்க, பூ தலைகீழாகத் தொங்கும். ஒரு தடவை குன்னூருக்குப் பள்ளிக்கூடத்துச் சுற்றுலா போனபோது, ஈரக் கைக்குட்டையில் சுற்றி டிபன் டப்பாவில் அடைத்து ஒரு கொம்பைக் கொண்டுவந்தாள். இன்று அவள் மொட்டைமாடியில் பச்சை வலைக்கு அடியில் வரிசையாகத் தொங்குவதெல்லாம் அந்த ஒரு கொம்பின் பிள்ளைகள். ஏப்ரல் வெயிலில் மட்டும் ஒளித்துவைத்தால் போதும், மற்ற மாதமெல்லாம் பெங்களூர் அதற்குத் தாய்வீடு.

இத்தனை மாதத்தில் இரண்டு வீடும் ஒத்துப்போன ஒரே விஷயம் அந்தச் செடிதான். அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. முகூர்த்தமா சர்ச்சா என்று மறுபடி குரல் உயர்ந்த நாளில், அன்னா எழுந்து நின்று எல்லார் எதிரிலும் சொன்னாள்: "இன்னொரு தடவை இந்த கிரிகிரி, இந்தச் சண்டை வந்துச்சுன்னா, நானும் சுஹாஸும் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்து போட்டுட்டு வந்துடுவோம். ரெண்டு வீட்டுக்கும் சொல்ல மாட்டோம்."

அன்றிலிருந்து நோராவுக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. மண்டபம் எங்கே, சாப்பாடு என்ன, எதுவும் அவளுக்குப் பெரிதில்லை. மகள் கல்யாணத்தைப் பக்கத்தில் நின்று கண்ணால் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது.

இனி வெள்ளிக்கிழமைக்கு வருவோம்.

* * *

தசரா லீவு இன்னும் முடியவில்லை. காபி குடித்த கையோடு நோரா புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு மாடியேறினாள். செம்மண்ணும் கோகோபீட் என்ற தேங்காய்நார்த் தூளும் மண்புழு உரமும் கலந்து முந்தின நாளே சலித்துவைத்தாயிற்று. சின்னச் சின்ன மண்தொட்டிகள் கழுவிக் கவிழ்த்து வரிசையாகக் காத்திருந்தன. இன்று நாற்றுகளைக் கப்பிலிருந்து தொட்டிக்கு மாற்றும் நாள். சாயங்காலம் பாமா தன் கண்ணால் பார்க்க வருகிறாள்.

பார்க்கட்டும், நன்றாகப் பார்க்கட்டும் என்றுதான் நோரா நினைத்தாள். வேலையில் அவள் கெட்டிக்காரி, அது அவளுக்கே தெரியும். மொட்டு வைக்காத நுனிக் கொம்பாகப் பார்த்து, கணுவுக்குக் கீழே பிளேடால் ஒரே வெட்டு. கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, கோகோபீட்டும் மணலும் நிரப்பிய டீக் கப்பில் ஒரு விரற்கடை ஆழத்தில் நட்டு, மேலே பிளாஸ்டிக் மூடி. நேர் வெயில் கூடாது. தண்ணீர் ஊற்றக் கூடாது, தெளிக்கத்தான் வேண்டும். உரம் என்ற பேச்சே வேர் விட்ட பிறகுதான். மூன்று பெரிய தட்டு நிறைய அப்படி வைத்திருந்தாள். நான்கு நாளுக்கு முன் பார்த்தபோது, கப்பின் அடி ஓட்டையில் வெள்ளை வேர் நூல் மாதிரி எட்டிப்பார்த்தது. அதைப் பார்த்துவிட்டு அம்மாவைப் பார்க்க ஜீவனஹள்ளிக்குப் போனவள், நேற்றுத்தான் திரும்பினாள். தெளிக்கும் வேலையைக் கணவர் ஆம்ப்ரோஸிடம் விட்டுப் போயிருந்தாள்.

முதல் தட்டின் மூடியைத் திறந்தாள்.

"அடக் கர்த்தாவே!"

எல்லாம் சாய்ந்து கிடந்தது. இலைகள் துவண்டு, ஓரம் பழுப்பேறி, நனைந்த காகிதம் மாதிரி கப்பின் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தன. இரண்டாவது தட்டும் அப்படியே. தண்ணீர்த் தொட்டிக்கு மேலே, ஸ்டூல் போட்டு ஏறினால்தான் எட்டும் திட்டில் இருந்த மூன்றாவது தட்டு மட்டும் ஒன்றும் நடக்காதது போலப் பச்சையாக நின்றது.

வேறு யாராவது என்றால் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பார்கள். நோரா ஒரு கப்பைக் கையில் எடுத்தாள். மண்ணைத் தொட்டாள்; ஈரம் இருந்தது. தண்டை அழுத்தினாள், அழுகல் இல்லை, அழுகல் நாற்றமும் இல்லை. ஈரத்தில் நின்றுகொண்டே செடி தாகத்தில் செத்திருக்கிறது. கப்பின் விளிம்பில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது.

போர்வெல் தண்ணீரா? காவிரித் தண்ணீர் வராத நாளில் ஆம்ப்ரோஸ் சோம்பேறித்தனப்பட்டுக் குழாயைத் திறந்திருப்பாரா? ஆனால் போர்வெல் தண்ணீர் இவ்வளவு சீக்கிரத்தில் இப்படிச் செய்யாதே.

விரலால் அந்த வெள்ளையைத் தொட்டு நாக்கில் வைத்தாள்.

உப்பு. சாப்பாட்டு உப்பு.

உருளைக்கிழங்கைக் குடைந்து, உள்ளே உப்பைப் போட்டு, கிழங்கிலிருந்து தண்ணீர் வெளியே வருவதை வருடா வருடம் வகுப்பில் செய்து காட்டுகிறவள் அவள். காரணம் அவளுக்கு நொடியில் விளங்கிவிட்டது. யார் என்பதும் விளங்கிவிட்டது. அந்த வீட்டில் முட்டி வலியால் ஸ்டூல் ஏற முடியாத ஆள் ஒருத்தர்தான் உண்டு.

* * *

ஆம்ப்ரோஸ் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பீன்யாவில் ஒரு மெஷின் ஷாப்பில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே ஒரு நூலளவு தப்பினாலும் பீஸைத் தூக்கிப் போட்டுவிடுவார் என்பார்கள். வீட்டில் அந்த மனுஷனுக்கு அளவென்பதே கிடையாது.

"என்னங்க."

"ம்."

"மாடியில செடிக்கு என்ன ஊத்துனீங்க?"

"தண்ணிதான்."

"என்ன தண்ணி?"

ஆம்ப்ரோஸ் இட்லியைத் தட்டிலேயே வைத்தார். கூடத்துப் பீடத்தில் திருஇருதயப் படத்துக்குக் கீழே இருக்கும் தீர்த்த பாட்டிலை நோரா எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தாள். காலி.

"சர்ச் தீர்த்தம். கெட்டதா ஒண்ணும் ஊத்தலையே" என்றார்.

"தீர்த்தம் இவ்வளவு உப்பு கரிக்குமா?"

"அது... தீர்த்தம் கொஞ்சமாத்தான் இருந்துச்சு. பக்கெட் தண்ணியில கலந்தேன். அப்புறம் சர்ச் தியானக் கூட்டத்துல ஆசீர்வதிச்சுக் கொடுத்த உப்புப் பாக்கெட் இருந்துச்சில்ல..."

"எவ்ளோ போட்டீங்க?"

"ஒரு பாக்கெட்."

"ஒரு பாக்கெட்டு முழுசாவா?"

"டெய்லி கொஞ்சம் கொஞ்சமா. ஆசீர்வாதத்துல கணக்கு பார்க்கக் கூடாதுன்னு..."

"ஐயோ! ஊறுகாயா போடறீங்க அங்க?"

அறைக் கதவைத் திறந்துகொண்டு அன்னா வந்தாள். வெள்ளிக்கிழமை அவளுக்கு வீட்டிலிருந்தே வேலை. காதில் ஹெட்ஃபோன், முகத்தில் பயம். "என்ன மம்மி, ஆபீஸ் கால்ல இருக்கேன், ரோடு வரைக்கும் கேக்குது."

"உங்க டாடி செடிக்கு மந்திரிச்ச உப்பு போட்டிருக்காரு. வருஷா வருஷம் நான் உருளைக்கிழங்குல காட்டற பாடத்தை இவரு என் செடியில காட்டிட்டாரு. ரெண்டு தட்டு காலி!"

அன்னா அப்பாவைப் பார்த்தாள். அப்பா அன்னாவைப் பார்த்தார். இருவரும் ஒரே நேரத்தில் தரையைப் பார்த்தார்கள். நோரா அதைக் கவனித்தாள், ஆனால் அப்போது அவளுக்கு இருந்த கோபத்தில் அதை ஓரமாக வைத்துவிட்டாள்.

ஆம்ப்ரோஸ் கெட்டவர் இல்லை. அதுதான் தொல்லை. கெட்டவராக இருந்தால் நாலு வார்த்தை நன்றாகத் திட்டிவிட்டு வேலையைப் பார்க்கலாம். இந்த ஆள் கண் கலங்கி உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது?

"எதுக்குங்க ஊத்துனீங்க? யார் சொன்னா?" என்றாள், குரலை இறக்கி.

"கல்யாணம் நல்லபடியா நடக்கணும்னுதான்" என்று தட்டைப் பார்த்துச் சொன்னார்.

அன்னா அம்மாவின் தோளைப் பிடித்தாள். "மம்மி, ஆன்ட்டிகிட்ட இதைச் சொல்லாத, ப்ளீஸ். பூச்சி விழுந்துடுச்சுன்னு சொல்லிடு. சாமி இல்லாத ஒண்ணுன்னு சொல்லித்தானே அவங்க ஒத்துக்கிட்டாங்க? அதுலயும் சர்ச் தண்ணின்னு தெரிஞ்சா முடிஞ்சுது கதை."

"பொய் சொல்லி ஒரு கல்யாணத்தை ஷுரு பண்றதா? என் வீட்டுல நடக்காது."

"அப்போ சண்டை வரட்டுமா?"

"வராது. என்கிட்ட விடு." நோரா தலைமுடியை உதறி முடிந்தாள். "செடிதானே? ஒரு தட்டு கையில இருக்கு. தாய்ச்செடி அத்தனையும் இருக்கு. கல்யாணத்துக்கு இன்னும் மாசம் கெடக்குது. நீங்க சாப்பிட்டு முடிச்சிட்டு மேல வாங்க. இன்னிக்குக் குழாய்த் தண்ணியைத் தவிர வேற எதையும் கையால தொடாதீங்க."

* * *

மத்தியானம் வரை வேலை நடந்தது. உப்பேறிய கப்புகளை ஒவ்வொன்றாக நல்ல தண்ணீரில் வைத்து, அடி வழியாக உப்பு வடியும் வரை அலசினாள். பிழைக்கக்கூடியது சில பிழைக்கும்; மற்றதைத் தூக்கிப் போடச் சொல்லி ஆம்ப்ரோஸிடம் கொடுத்தாள். அவர் ஒவ்வொன்றையும் குப்பையில் போடும்போது, யாரோ செத்த வீட்டில் நிற்பது போல நின்றார். அதைப் பார்த்து நோராவுக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

நாலு மணிக்குப் பாமா மாமியின் கார் வாசலில் நின்றது.

பாமா, அரசாங்கத்தில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவள். ஒரு ஃபைலைப் பார்த்தால் எந்தப் பக்கத்தில் தப்பு என்று வாசனையிலேயே கண்டுபிடிப்பாள் என்று அவள் வீட்டுக்காரர் சுந்தரேசன் சொல்வார். மாடியேறி வந்தவள் மூச்சு வாங்கிக்கொண்டு, கையிலிருந்த சுண்டல் டப்பாவை அன்னாவிடம் கொடுத்தாள். உட்காரக்கூட இல்லை.

"மூணு தட்டுன்னு சொன்னேள். ஒண்ணுதானே இருக்கு?"

அன்னா அம்மாவை இடித்தாள். நோரா இடியை வாங்கிக்கொண்டு நேராகவே சொன்னாள்.

"ரெண்டு போயிடுச்சு மாமி. எங்க வீட்டுக்காரர் சர்ச்ல குடுத்த தீர்த்தத்தை ஊத்திட்டாரு. அதுல மந்திரிச்ச உப்பும் போட்டுட்டாரு. உப்புல வேர் காஞ்சு போச்சு. அவர் பண்ணது தப்பு, பார்க்காம இருந்தது என் தப்பு."

பாமா கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தாள். அன்னா நகத்தைக் கடித்தாள். கீழே தெருவில் ஒரு கொத்தமல்லிக்காரர் கூவிக்கொண்டு போனார்.

"நோரா, நான் நேராவே கேக்கறேன், தப்பா எடுத்துக்கப் படாது. எங்க மனுஷா ஆத்துக்குக் கொண்டுபோகப்போற செடி. சாமியே வேண்டாம், பொதுவா இருக்கட்டும்னு நீங்கதான் சொன்னேள். எனக்குத் தெரியாம சர்ச் தண்ணி தெளிச்சா அது என்ன நியாயம்?"

"நியாயம் இல்ல. நான் அதைச் சரின்னு சொல்லல."

"செடி போனது பெரிசில்லை. வார்த்தை போச்சே."

அது நோராவுக்குச் சுருக்கென்று தைத்தது. பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள், மூலையில் மண் மூட்டை மேல் உட்கார்ந்திருந்த ஆம்ப்ரோஸ் எழுந்து நின்றார்.

"அம்மா, அவளைச் சொல்லாதீங்க. நான் மதம் மாத்தறதுக்கு ஊத்தலம்மா. எனக்கு பயமா இருந்துச்சு. பயம் வந்தா எனக்குத் தெரிஞ்சது அந்த ஒரு பாட்டில்தான். அதை எடுத்து ஊத்திட்டேன்."

"என்ன வேண்டிண்டேள்?" என்று கேட்டாள் பாமா.

"ரெண்டு பேரும் நல்லா இருக்கணும்னு."

"ரெண்டு பேரும்னா? பேர் சொல்லி வேண்டினேளா?"

"சொன்னேன். உங்க பையன் பேரைத்தான் முதல்ல சொன்னேன். எங்க பொண்ணு பேரை எங்க சாமிக்குத் தெரியும். அவன் புதுசு இல்லையா, சொன்னாத்தானே தெரியும்?"

பாமா அவரையே பார்த்தாள். அவள் முகத்தில் ஏதோ ஒன்று இளகியது. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு முதல் தடவையாக உட்கார்ந்தாள்.

"நானும் ஒண்ணு சொல்லிடறேன். எங்க தெரு கோயில்ல வாரா வாரம் அன்னா பேர்ல அர்ச்சனை பண்ணிண்டிருக்கேன். நட்சத்திரம் தெரியாது. அதனால அர்ச்சகர்கிட்ட சுஹாஸ் நட்சத்திரத்தையே சேர்த்துச் சொல்லச் சொன்னேன். உங்ககிட்ட சொல்லலை. என்ன நினைச்சுப்பேளோன்னு."

அன்னா வாயைப் பிளந்தாள். "ஆன்ட்டி!"

"என்ன ஆன்ட்டி? ஆனா ஒண்ணு, நான் உப்பு போடலை."

முதலில் சிரித்தது நோராதான். அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. பாமாவும் சேர்ந்துகொண்டாள். எத்தனையோ மாதமாக இரண்டு பெண்களும் ஒருத்தருக்கொருத்தர் பல்லைக் காட்டியிருக்கிறார்கள், சிரித்தது அன்றுதான்.

* * *

அதற்குப் பிறகு வேலை ஓடியது. பாமா வளையலை மேலே ஏற்றிக்கொண்டு மண்ணில் கை வைத்தாள்.

"கப்பைக் கவுத்து, அடியில லேசா அமுக்குங்க மாமி. கொம்பைப் பிடிச்சு இழுக்காதீங்க, வேர் அறுந்துடும். ஆங், அப்படித்தான். மண்ணோடயே வந்துடுச்சு பாருங்க."

"ஏ அப்பா! இத்தனூண்டு கப்புல இவ்வளவு வேரா?"

"இப்ப தொட்டியில வெச்சு, சுத்தி மண்ணைப் போடுங்க. அழுத்தக் கூடாது. தொட்டியை ரெண்டு தட்டு தட்டுனாப் போதும், மண்ணு தானா உக்காந்துக்கும். மூணு ஜோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ளணும். அப்பத்தான் பக்கத்துக்குக் கிளைக்கும்."

"கிள்ளணுமா? நன்னா வளர்றதைப் போய்?"

"கிள்ளலன்னா ஒத்தக் கொம்பா நெட்டுக்குப் போகும். அப்புறம் பூ ரெண்டே ரெண்டு."

போன தட்டுகளுக்குப் பதிலாகப் புதுக் கொம்பு வெட்டத் தாய்த்தொட்டியிடம் நோரா பிளேடோடு போனபோதுதான் பாமா பதறினாள்.

"இன்னிக்கு வேண்டாம் நோரா. வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கற நேரம். கல்யாணக் காரியத்துக்குப் பச்சைச் செடியில கத்தி வைக்கப் படாது."

காலையில் இருந்த நோரா என்றால் இதற்கு ஒரு பாடமே நடத்தியிருப்பாள். இப்போது பிளேடைக் காகிதத்தில் மடித்து வைத்தாள். "சரி. நாளைக்குக் காலைல வெட்டறேன். ஒரு நாள்ல செடி எங்க ஓடப்போகுது?"

பாமாவுக்கு அது எதிர்பாராத பதில். கொஞ்ச நேரம் சும்மா ஒரு தொட்டியைத் தட்டிக்கொண்டிருந்தாள். பிறகு, யாரும் கேட்காமலே சொன்னாள்.

"காலைல முகூர்த்தம் வெச்சுப்போம். சாயங்காலம் சர்ச். நான் வந்து முதல் பெஞ்சுல உக்காருவேன். எங்க மனுஷா யாராவது முணுமுணுத்தா நான் பாத்துக்கறேன்."

நோராவின் கை அப்படியே நின்றது. "நெஜமாவா மாமி?"

"இன்னும் என்ன மாமி? சம்மந்தின்னு கூப்பிடுங்கோ."

நோரா மண் கையோடு பாமாவின் மண் கையைப் பிடித்துக்கொண்டாள். இனி மகள் கல்யாணத்தைப் பார்க்கலாம். காலையிலும் பார்க்கலாம், சாயங்காலமும் பார்க்கலாம். அவளுக்கு மாடியிலிருந்து தெரு முழுக்கக் கேட்கும்படி கத்த வேண்டும் போல இருந்தது.

"இந்தத் தொட்டியில பாதியைத் தட்டுல வெச்சு நான் எடுத்துண்டு போறேன், சம்மந்தி. எங்காத்து பால்கனில நிழல் நன்னா விழும். பாதி இங்க வளரட்டும், பாதி அங்க வளரட்டும். உங்காத்துக்காரர் கைக்கும் எட்டாது."

அப்போதுதான் அன்னா விம்மினாள்.

"பைத்தியம், எதுக்குடி அழறே? எல்லாம்தான் சரியாயிடுத்தே" என்று அவள் கன்னத்தைத் தட்டிவிட்டு, பாமா தட்டைத் தூக்கிக்கொண்டு மெதுவாகப் படியிறங்கினாள். டிக்கியைத் திறந்து நிதானமாக வைக்கும்படி டிரைவரிடம் கன்னடத்தில் சொல்லும் அவள் குரல் கீழேயிருந்து கேட்டது: "டிக்கி தெகியப்பா, நிதானவாகி இடு!"

மாடியில் நோரா நகரவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அழுவதை எத்தனையோ பார்த்தவள் அவள். மார்க் குறைந்ததற்கு அழும் அழுகை வேறு. சந்தோஷத்தில் அழும் அழுகை வேறு. ஒன்றை மறைத்துவிட்டு அழுவது வேறு. அவளுக்கு எல்லாம் தரம் பிரிக்கத் தெரியும்.

"என்னடி பண்ணி வெச்சிருக்க?"

அன்னா முகத்தை மூடிக்கொண்டாள். "திங்கக்கெழமை பதினோரு மணிக்கு, மம்மி."

"என்ன திங்கக்கெழமை?"

"ரிஜிஸ்டர் ஆபீஸ். அன்னிக்கு அந்தப் பெரிய சண்டைக்கு மறுநாளே நானும் சுஹாஸும் கல்யாண நோட்டீஸ் கொடுத்துட்டோம். முப்பது நாள் முடிஞ்சு தேதியும் கெடைச்சுடுச்சு. எங்களால முடியல மம்மி. டெய்லி ஒரு சண்டை, டெய்லி நாங்க நடுவுல. இப்படி ஆகும்னு யாருக்குத் தெரியும்?"

தொட்டி, வலை, செடி எல்லாம் அதனதன் இடத்தில்தான் இருந்தன. நோராவுக்குத்தான் எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"சாட்சிக் கையெழுத்து போட ஆள் வேணுமே. யாரு?"

அன்னா அப்பா பக்கம் பார்த்தாள். நோரா திரும்பினாள். ஆம்ப்ரோஸ் மண் மூட்டை மேல் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"நீங்களா?"

"என்கிட்ட வந்து அழுதா, நோரா. நான் மாட்டேன்னா வெளியாள் யாரையாவது கூட்டிட்டுப் போயிருப்பா. வீட்டு மனுஷன் ஒருத்தனாவது அவ பக்கத்துல நிக்கட்டும்னு ஒத்துக்கிட்டேன். உன்கிட்ட சொல்ல மாட்டேன்னு சத்தியம் வாங்கிட்டா." அவர் குரல் உடைந்தது. "அந்த ஆபீஸ்ல ஜெபம் கெடையாது, பாட்டு கெடையாது, சாமியார் கை வெச்சு ஆசீர்வதிக்கறது கெடையாது. இந்தச் செடிக்காவது கெடைக்கட்டும்னுதான் ஊத்துனேன்."

ஒரு பாக்கெட் உப்பு ஏன் போனது என்று நோராவுக்கு இப்போது புரிந்தது.

"எனக்கு வலிக்குதுங்க" என்றாள். "ரொம்ப வலிக்குது. பத்துப் பேர் இருக்கற வீடா இது? மூணு பேர்ல ரெண்டு பேர் சேர்ந்து என்னை வெளியில நிறுத்திட்டீங்களே."

நோரா கண்ணைத் துடைத்தாள். கன்னமெல்லாம் செம்மண். கீழே கார் டிக்கி சாத்தும் சத்தம் கேட்டது.

அவள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப்பார்த்தாள்.

"சம்மந்தி! வண்டியில ஏறாதீங்க! ஒரு நிமிஷம் மேல வாங்க!"

"என்னாச்சு?" என்று நிமிர்ந்தாள் பாமா. டிரைவரிடம் ஏதோ சொல்லிவிட்டு மறுபடி படிப்பக்கம் திரும்பினாள்.

"மம்மி, வேணாம், இப்பத்தான் அவங்க..." என்று அன்னா அம்மாவின் கையைப் பிடித்தாள்.

"மொத்தம் எத்தனை சாட்சி?"

"மூணு."

"டாடி ஒண்ணு. மீதி ரெண்டு?"

"எங்க ஆபீஸ் ஃப்ரெண்ட்ஸ்."

"அவங்க ரெண்டு பேரையும் வர வேணாம்னு சொல்லிடு."

அன்னா ஒன்றும் புரியாமல் அம்மாவைப் பார்த்தாள். ஆம்ப்ரோஸுக்குப் புரிந்துவிட்டது, மூட்டையிலிருந்து எழுந்துவிட்டார். படியில் செருப்புச் சத்தம் ஒவ்வொன்றாக ஏறி வந்தது. மூச்சிரைக்கப் பாமா மாடிக் கதவில் வந்து நின்றாள்.

"என்ன, எதையாவது மறந்துட்டேனா?"

நோரா அவளுக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க, சம்மந்தி. திங்கக்கெழமை காலைல உங்களுக்கு வேற வேலை ஏதாவது இருக்கா?"